பாப்பாரப்பட்டி, பாப்பிரெட்டிப்பட்டி, நடுவுல ஒரு பெருக்கி

எனக்குத் தற்பெருமை கொஞ்சம் எச்சாத்தான். எங்க வூட்டுக்காரரைக் கேட்டா "கொஞ்சமா?"ன்னு இழுப்பாரு. இழுக்கட்டும். அரூர்ல எலெக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை வச்சிருக்கற பொம்பளை எனக்குத் தெரிஞ்சு நான் ஒருத்திதான். டிவி, மிக்ஸி, மோட்டார் ஸ்டார்ட்டர், மைக் செட்டு, எது வந்தாலும் கழட்டிப் பாத்துடுவேன். புதுசா வர்றவங்க கடைக்குள்ள எட்டிப் பாத்துட்டு, "அவரு இல்லீங்களா?"ன்னு கேப்பாங்க. "எவரு?"ன்னு நான் திருப்பிக் கேப்பேன். அப்பறம் மிக்ஸியை மேசை மேல வச்சுட்டு நிப்பாங்க.

நான் செஞ்ச வேலையிலயே எதுக்கு ரொம்பப் பெருமைப்படறேன்னு கேட்டா, ஒரு தகரப் பெட்டியைத்தான் சொல்லுவேன். அதுல சத்தத்தைக் கூட்டல, கொறச்சேன். அதனாலதான் ஒரு பொண்ணோட பேச்சு ரோடு வரைக்கும் போச்சு.

அந்தப் பொண்ணு என் நாத்தனார், வூட்டுக்காரரோட தங்கச்சி. எங்ககூடத்தான் இருக்கா. தமிழ்ல பட்டம் வாங்கினவ. அவ வாயால "வாழைப்பழம்"னு சொன்னா, பசி இல்லாதவங்களுக்கும் திங்கத் தோணும், அவ்வளவு சுத்தம். எனக்கும் அவளுக்கும் தெனம் ஒரு சண்டை இருக்கும். நான் "பளம்"னு சொன்னா திருத்துவா, அவ ஃபியூஸ் போட்டா நான் திருத்துவேன். படிச்சு முடிச்சு அவ எழுதாத பரீட்சை இல்ல, போகாத இண்டர்வியூ இல்ல. ஒண்ணும் அமையல. வூட்டுல யாரு என்ன பேசினாலும் தன்னைத்தான் சொல்றாங்கன்னு சுருங்கிக்கிட்டுக் கெடந்தா. அப்பத்தான் ஒரு மஞ்சள் மண்டியில ஏலம் கூப்புடற வேலை கெடச்சுது.

எந்த மண்டின்னு சொல்ல மாட்டேன், மொதலாளி கோவிச்சுக்குவாரு. பெரிய தகரக் கொட்டாய். வாரத்துக்கு ஒரு நாள் ஏலம். மஞ்சளைக் குவியல் குவியலாக் கொட்டி வச்சிருப்பாங்க, ஒவ்வொரு குவியலுக்கும் லாட்டுன்னு பேரு. மைக்குல லாட்டு நம்பரைச் சொல்லி, விவசாயி பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லிக் கூப்புடணும். யாவாரிங்க வெலை கேப்பாங்க. வெலை ஒரு எடத்துல நின்னதும் அந்த விவசாயி முன்னாடி வந்து தலையாட்டணும். அவரு தலையாட்டினாத்தான் மூட்டை லாரி ஏறும். அதனால கூப்புடறவ சொல்றது கொட்டாய் முழுக்கப் புரியணும். அந்த வேலையே அதுதான்.

அதுக்கு முன்னாடி அந்த மைக்குல பொம்பளை யாரும் பேசினதில்ல. ஒரு பெரியவரு இருந்தாரு, கனத்த கட்டைக் குரல், மைக்கே இல்லாட்டியும் டீக்கடை வரைக்கும் கேக்கும். மாந்தோப்பைப் பாத்துக்கறேன்னு அவரு வேலையை விட்டு நின்னதும் இவ உக்காந்தா. மொத வாரம் வூட்டுக்கு வந்து, "அண்ணி, எல்லாரும் என் வாயையே பாத்துக்கிட்டு நின்னாங்க!"ன்னு ஆடாத கொறையாச் சொன்னா. எனக்கும் சந்தோசமா இருந்துச்சு. ரெண்டாவது வாரமே தெரிஞ்சு போச்சு, ஏன் வாயைப் பாத்தாங்கன்னு. கேட்டது ஒண்ணும் புரியல, அதான் வாயைப் பாத்தாங்க.

"சத்தம் பத்தல"ன்னு மொதலாளி எங்கிருந்தோ ஒரு மைக்செட்டுக்காரரைக் கூட்டியாந்து மைக்கோட ஆம்ப்ளிஃபையர் பெட்டியில சத்தத்தை ஏத்தி வச்சாரு. ஊருக்குள்ளயே நான் ஒருத்தி கடை போட்டு உக்காந்திருக்கேன், என்னைக் கேக்கல. இவளும் வாயைத் தொறந்து எங்கண்ணி இருக்காங்கன்னு சொல்லல, சொந்தக்காரியைக் கொண்டாந்து நொழைக்கறான்னு பேசுவாங்களாம். சத்தம் ஏறுச்சு. தகரமே அதிர்ந்துச்சு. பேச்சு முன்னைவிட மோசமாச்சு. ஏதோ அண்டாவுக்குள்ள தலையை விட்டுக்கிட்டுப் பேசற மாதிரி "வூ வூ"ன்னு வந்துச்சாம். இவ என்ன பண்ணினா தெரியுங்களா? ஆம்பளை மாதிரி குரலைக் கட்டையாக்கிக் கத்த ஆரம்பிச்சா. ஏலத்தன்னிக்குச் சாயங்காலம் வூட்டுக்கு வந்தா தொண்டையில காத்துதான் வரும். சோறு வேணும்னா கையைக் காட்டுவா, போதும்னா கையைக் காட்டுவா. எனக்கு வயிறு எரியும்.

அப்பத்தான் அந்தக் கூத்து நடந்துச்சு. அன்னிக்கு மஞ்சள் கொண்டாந்தவங்கள்ள ரெண்டு பேருக்கு ஒரே பேரு. எங்க பக்கம் தடுக்கி வுழுந்தா அந்தப் பேருல ஒருத்தர் மேலதான் வுழணும், கொலசாமி பேரு. ஒருத்தருக்கு ஊரு பாப்பாரப்பட்டி, இன்னொருத்தருக்குப் பாப்பிரெட்டிப்பட்டி. எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு இதைச் சொல்லவே வேணாம். கல்யாணப் பத்திரிகையில இருந்து கூரியர் வரைக்கும் இந்த ரெண்டு ஊரும் மாறிப் போகாத நாளில்ல. இவ பாப்பிரெட்டிப்பட்டின்னு கூப்புட்டிருக்கா. பாப்பாரப்பட்டிக்காரரு எந்திரிச்சு வந்து தலையாட்டிட்டாரு. மூட்டை லாரி ஏறிடுச்சு. டீ குடிச்சுட்டு வந்த பாப்பிரெட்டிப்பட்டிக்காரரு தன் குவியல் இருந்த எடத்துல வெறும் தரையைப் பாத்துட்டு, "எம் மஞ்சளு எங்கய்யா?"ன்னு போட்ட சத்தத்துக்கு மைக்கே தேவைப்படல.

மூட்டையை எறக்கி, ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணி அனுப்பறதுக்குள்ள மொதலாளிக்கு மூச்சு முட்டிப் போச்சு. இவளைக் கூப்புட்டு, "ஏம்மா, நீ நல்ல பொண்ணுதான். ஆனா பொம்பளைக் கொரலு மைக்குல எடுபடல. வர்ற வாரம் ஒரு தடவை பாப்பம். அதுவும் சரிப்படலன்னா எம் பங்காளி வந்து கூப்புடட்டும், நீ உள்ள உக்காந்து சீட்டு எழுது"ன்னு சொல்லிட்டாரு.

வூட்டுக்கு வந்து இதைப் பேப்பர்ல எழுதிக் காட்டினா. தொண்டைதான் இல்லையே! எழுதிக் காட்டிட்டு, "எனக்குச் சீட்டு எழுதற வேலை வேணாம் அண்ணி"ன்னு கீழ இன்னொரு வரி எழுதினா. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சு. அட, எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! கொரல் எடுபடலியாம். அவ கொரலு எங்க வூட்டுல சமையக்கட்டுல இருந்து மாடிக்கு எடுபடுது. தெருமுனைக்கு எடுபடுது. மைக்குல மட்டும் எடுபடலன்னா குத்தம் தொண்டையிலயா, மைக்குக்கு அந்தப் பக்கமா? மறுநாளே மண்டிக்குப் போனேன். "பெட்டியைத் தொறந்து பாக்கறேங்க, கூலி வேணாம்"னேன். "புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம்னு இருக்கேன்"னாரு. "வாங்குங்க, ஆனா அதுக்கு முன்னாடி குத்தம் எதுல இருக்குன்னு எனக்குத் தெரியணும்"னு சொல்லிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். ரோசம் வந்துட்டா நான் யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன்.

மைக்கு கொட்டாயோட ஒரு கோடியில, பெட்டி மொதலாளி ரூமுல. நடுவுல நீளமா வயர். பெட்டிக்குள்ள மைக்குல இருந்து வர்ற சன்னமான மின்சாரத்தைப் பெருசாக்குறதுக்கு இருந்தது ஒரே ஒரு டிரான்சிஸ்டர். பாவம், மொத்த பாரத்தையும் அது தலையில கட்டியிருந்தாங்க. சத்தம் பத்தல, பத்தலன்னு ஆளாளுக்கு ரெசிஸ்டரை மாத்தி மாத்திக் கெயினை, அதான் எத்தனை மடங்கு பெருசாக்கணுங்கறதை, ஏத்தியிருந்தாங்க. கணக்குப் போட்டுப் பாத்தா நானூறு மடங்குக்கு மேல போவுது. உள்ள வர்ற வயரையும் வெளிய போற வயரையும் வேற ஒண்ணாச் சேத்து, சீப்பு வச்சுச் சடை பின்னின மாதிரி அழகாக் கட்டி வச்சிருந்தாங்க. அழகுதான். அங்கதான் வெனையே.

போன்ல ஒரு ஆப்பு இருக்குது, வேணுங்கற அதிர்வெண்ல "பீப்"னு ஊதும். அதை மைக்கு முன்னாடி வச்சேன். கீழ் அதிர்வெண்ல ஸ்பீக்கரு பிளந்து கட்டுச்சு. ஆயிரம் ஹெர்ட்ஸ் தாண்டினதும் இளைக்க ஆரம்பிச்சுது. ரெண்டாயிரத்துல முனகுச்சு. மூவாயிரத்துல காதை ஸ்பீக்கர்கிட்ட கொண்டு போயித் தேட வேண்டியதாப் போச்சு. அந்த எடத்துல நின்னுக்கிட்டே நான் சிரிச்சேன். ரூமுல இருந்து மொதலாளி எட்டிப் பாத்தாரு. எனக்குப் பாலிடெக்னிக்கு ஞாபகம் வந்துடுச்சு.

நான் கம்பைநல்லூர்ல தமிழ் மீடியம் படிச்சவ. டிப்ளமோ சேந்த மொத வாரம், சார் இங்கிலீசுல ஆம்ப்ளிஃபையர்னா என்னன்னு கேட்டாரு. எனக்குத் தெரியும்ல? எந்திரிச்சு, "பெருக்கி சார்!"னேன். பள்ளிக்கூடப் புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருந்துச்சு, டிரான்சிஸ்டர் பெருக்கின்னு. கிளாஸே சிரிச்சுது. "வெளக்கமாறு கொண்டாந்திருக்கியா?"ன்னு ஒருத்தன். "அப்பிடியே வாசலையும் பெருக்கிடு"ன்னு இன்னொருத்தன். படிப்பு முடியற வரைக்கும் எம் பேரே பெருக்கிதான். நானும் விடல, எவன் கூப்புட்டாலும் "என்னடா குப்பை?"ன்னு கேட்டுட்டுத்தான் திரும்புவேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த வார்த்தைதான் எனக்கு அந்தப் பாடத்தையே புரிய வச்சுது. டிரான்சிஸ்டருக்கு மூணு காலு. உள்ள வாங்குற காலுக்கும் வெளிய குடுக்குற காலுக்கும் நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டி மின்தேக்கி, அதான் கெப்பாசிட்டரு, தானாவே இருக்கும். யாரும் போடறதில்ல, அது பொறப்புலயே இருக்குறது. ஒண்ணுமில்லாத அளவு. ஆனா டிரான்சிஸ்டரு பெருக்கியாச்சே! பேச்சை நானூறு மடங்கு பெருக்கினா, அந்தக் குட்டி மின்தேக்கியும் உள்ள வர்ற பக்கத்துக்கு நானூறு மடங்கு பெருத்த மாதிரி ஆயிடும். மின்தேக்கி பெருசாச்சுன்னா மேல் அதிர்வெண்ணெல்லாம் அது வழியா ஒழுகிப் போயிடும். மத்தவங்கல்லாம் இதை இங்கிலீசுல ஒரு பேரு வச்சு உருப்போட்டாங்க. நான், பெருக்கின்னா எல்லாத்தையுந்தான் பெருக்கும், நல்லது கெட்டது பாக்காதுன்னு புரிஞ்சுக்கிட்டேன். வெளக்கமாத்துக்காரன் சொன்னதும் தப்பில்ல. ஒரு பக்கம் பெருக்குது, இன்னொரு பக்கம் மேல் அதிர்வெண்ணைக் கூட்டிப் பெருக்கி வாசலுக்கு வெளிய தள்ளுது. ரெண்டு வேலையும் ஒரே பெருக்கிதான் செய்யுது.

இந்தப் பெட்டியில வயரையும் ஒண்ணாக் கட்டினதால அந்த மின்தேக்கி இன்னும் வளந்துடுச்சு. மைக்கு ரகமும் சரியில்ல, தெம்பில்லாத மைக்கு. அவ்வளவு நீள வயரை ஓட்டறதுக்கே அதுக்கு மூச்சு வாங்கும். ஆக கெயினை ஏத்த ஏத்த, மேல இருக்குறதுதான் மொதல்ல சாவுது.

மேல என்ன இருக்குதுங்கறீங்க? அதுலதான் பேச்சே இருக்குது. சத்தத்தோட கனம் கீழ இருக்கும். ஆனா இ-யை உ-ன்னு கேக்காம இ-ன்னு கேக்க வைக்குறது, எ-யை ஒ-ன்னு கேக்காம எ-ன்னு கேக்க வைக்குறது, ச, ட எல்லாத்தையும் தனித்தனியா வெட்டிக் காட்டுறது, எல்லாம் மேலதான். பாப்பிரெட்டிப்பட்டியில இருந்து "இ"யையும் "எ"யையும் உருவிட்டுப் பாருங்க, என்ன மிச்சம்? அப்பறம் பாப்பாரப்பட்டிக்காரரு எந்திரிச்சு வராம என்ன பண்ணுவாரு? இன்னொண்ணும் இருக்குது. பொம்பளைக் கொரல்ல அந்த மேல் பகுதி ஆம்பளைக் கொரலைவிட இன்னும் கொஞ்சம் மேல ஏறி உக்காந்திருக்கும். பெரியவரோட பேச்சு அந்தப் பெட்டிக்குள்ள பூந்து பாதியாவது தப்பிச்சு வந்துச்சு. இவளோடது வாசல்லயே அறுந்துச்சு. கொரல் எடுபடாம இல்ல. பெட்டிதான் எடுக்கல.

மொதலாளிகிட்ட இதைச் சொன்னேன். அவரு மஞ்சளை மோந்து பாத்தே எந்தூருன்னு சொல்ற ஆளு, மண்டு இல்ல. பொறுமையாக் கேட்டுட்டு, "அப்ப என்னம்மா பண்ணப் போற?"ன்னாரு. "கெயினைக் கொறைக்கப் போறேங்க"ன்னேன். "ஏற்கெனவே கேக்கலைங்கறேன், நீ கொறைக்கறேங்கற!"ன்னாரு. "ஏலத்தன்னிக்குப் பாருங்க"ன்னு சொல்லிட்டுப் பெட்டியையும் மைக்கையும் கடைக்குத் தூக்கியாந்துட்டேன். வாய் விட்டுட்டு வந்துட்டேனே ஒழிய, நடுவுல முழுசா ஒரு வாரங்கூட இல்ல. அதுக்குள்ள செய்யலைன்னா அவ சீட்டு எழுதணும்.

மைக்கு அடியிலயே வைக்கறதுக்கு ஒரு சின்ன டப்பா பண்ணினேன். அதுல ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பேட்டரி. அது சத்தத்தைத் துளி கூடக் கூட்டாது. வந்ததை வந்தபடியே குடுக்கும், ஆனா தெம்பாக் குடுக்கும், நீள வயரைத் தாங்கிக்கும். அதுக்கு எமிட்டர் ஃபாலோயர்னு பேரு. அப்பறம் பெட்டிக்குள்ள ஒருத்தன் தலையில கட்டியிருந்த பாரத்தை ரெண்டு பேருக்குப் பிரிச்சேன். ஆளுக்குப் பதினஞ்சு மடங்கு. பதினஞ்சைப் பதினஞ்சால பெருக்கினா எரநூத்து இருபத்தஞ்சு, கொட்டாய்க்கு அது தாராளம். ஆனா உள்ள இருக்குற குட்டி மின்தேக்கி ஒவ்வொருத்தர்கிட்டயும் பதினஞ்சு மடங்குதான் பெருகும், அதுக்கு மேல பெருக முடியாது. எமிட்டருங்கற மூணாவது காலுல ரெசிஸ்டரைக் கட்டி ரெண்டையும் அடக்கி வச்சேன். வர்ற வயரு ஒரு பக்கம், போற வயரு ஒரு பக்கம்.

மொத தடவை போட்டதும் பெட்டி "கீ"ன்னு கத்துச்சு பாருங்க, பக்கத்துக் கடைக்காரரு ஓடியாந்துட்டாரு. போற வயரு ஒண்ணு வளைஞ்சு போயி வர்ற வயரைத் தொட்டாப்புல கெடந்துச்சு. பிரிச்சு விட்டதும் அடங்கிச்சு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசந்தான். செத்த பெட்டி கீன்னு கத்தாது, மேல் அதிர்வெண்ணு உசுரோட இருக்கறதுதான் அப்படிக் கத்தும். மறுபடி போனை எடுத்து ஊதிப் பாத்தேன். ரெண்டாயிரம், மூவாயிரம், அஞ்சாயிரம், ஒண்ணும் இளைக்கல. நாற்காலியில சாஞ்சு உக்காந்து ஒரு டீ சொன்னேன். அந்த டீயை நானே எனக்கு வாங்கிக் குடுத்த விருதுன்னு நெனச்சுக்கிட்டுக் குடிச்சேன்.

ஏலத்தன்னிக்குக் கடையைச் சாத்திட்டு மண்டிக்குப் போனேன். மைக்கு அடியில இருந்த டப்பாவை மொதலாளி தட்டிப் பாத்து, "இது எவ்வளவு சத்தம் கூட்டும்?"னாரு. "ஒண்ணும் கூட்டாதுங்க." "சத்தம் கூட்டாத டப்பாவை எதுக்கும்மா வச்சிருக்க?" "நீங்க மூட்டை தூக்காமத்தானே மண்டி நடத்தறீங்க?"ன்னேன். சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க, அவரும் சிரிச்சுட்டாரு. ஆனா அவரு பங்காளியும் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு மைக்குக்குப் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. 

இவ வந்து உக்காந்தா. மூஞ்சியில ரத்தமே இல்ல. பழக்க தோசத்துல குரலைக் கட்டையாக்கி, "லாட்டு நம்பர்"னு ஒரு கத்து கத்தினா. நான் கொட்டாயோட அந்தக் கோடியில மூட்டை மேல ஏறி நின்னு, ரெண்டு கையையும் கீழ தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினேன். அவளுக்குப் புரியல. "கத்தாதடி! வூட்டுல என்னைத் திருத்துவியே, அப்படிப் பேசு!"ன்னு நான் போட்ட சத்தத்துல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும். அவ ஒரு மொடக்குத் தண்ணி குடிச்சா. கண்ணை மூடித் தொறந்தா. அப்பறம் அவ சொந்தக் கொரல்ல பேசினா.

என்னன்னு சொல்றதுங்க! ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா வந்து காதுல உக்காருது. கொட்டாயில சலசலன்னு பேசிக்கிட்டிருந்தவங்க அவங்களாவே வாயை மூடினாங்க. போன வாரத்து ஆளுங்க ரெண்டு பேரும் மிச்ச மஞ்சளோட வந்திருந்தாங்க. அவங்கள்ள ஒருத்தரோட லாட்டு வந்துச்சு. பேரைச் சொன்னா. ரெண்டு பேரும் தலை நிமிந்தாங்க. "பாப்பிரெட்டிப்பட்டி"ன்னா. பாப்பாரப்பட்டிக்காரரு எந்திரிக்கவே இல்ல, பக்கத்துல இருந்தவரைப் பாத்து, "எனக்கில்லப்பா"ன்னுட்டு வெத்தலையை மடிச்சாரு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில இருந்து கெளாசும் கையுமா ஓடியாந்தாரு பாப்பிரெட்டிப்பட்டிக்காரரு. "இருக்கேம்மா, இருக்கேன்! நாந்தான்!" டீக்கடை வரைக்கும் போயிருக்குது எங்க வூட்டுப் பொண்ணோட "இ"யும் "எ"யும்!  மூட்டை மேல நின்னுக்கிட்டே முந்தானையில மூஞ்சியைத் தொடச்சேன். மஞ்சத் தூளுன்னு சொல்லிக்கிட்டேன்.

ஏலம் முடியற வரைக்கும் ஒரு லாட்டும் மாறல. பங்காளி பாதியிலயே எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. மொதலாளி எங்கிட்ட வந்து, "சத்தம் முன்னைக்குக் கொறச்சல்தான்"னாரு. "ஆமாங்க, கொறச்சுட்டேன்"னேன். "ம்"னாரு.  அவ வேலையைப் பத்தி ஒரு வார்த்தை வாயில இருந்து வரல. நான் கேக்கலாமா வேணாமான்னு பாத்துக்கிட்டு நின்னேன். அவளும் மைக்குக்கு முன்னாடி உக்காந்து அவரையே பாத்துக்கிட்டிருந்தா. அவரு மறுபக்கம் திரும்பி யாவாரிகிட்ட ஏதோ பேச ஆரம்பிச்சுட்டாரு.

அவ மைக்கைக் கிட்ட இழுத்தா. கத்தல. "இன்னிக்கு ஏலம் முடிஞ்சுதுங்க. எல்லாரும் பத்திரமா வீட்டுக்குப் போயிட்டு வாங்க"ன்னா. அப்பறம் கொஞ்சம் நிறுத்தினா. மொதலாளியைப் பாத்துக்கிட்டே, ஒவ்வொரு எழுத்தையும் வெட்டி வெட்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கற மாதிரி சொன்னா: "வர்ற வாரமும் நான்தாங்க கூப்பிடுவேன்."